அப்பா படிக்காத புத்தகங்கள்

2012ஆம் ஆண்டு ஜனவரியில் கறுப்பின எழுத்தாளர் வால்டர் டீன் மையர்ஸ் அமெரிக்காவின் சிறார் இலக்கியத் தேசியத் தூதராக அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 74. இரண்டாண்டுக் காலப் பொறுப்பு அது. ஏற்பவர் ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் வாசிப்பைப் பற்றிப் பேச வேண்டும். வாசிப்பைப் பரப்ப வருகிறவர்கள் வழக்கமாக இன்பத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். புத்தகம் புது உலகங்களைத் திறக்கும், கற்பனையை வளர்க்கும் என்பார்கள். மையர்ஸ் தேர்ந்துகொண்ட முழக்கத்தில் அந்த இனிப்பு சிறிதும் இல்லை. 'வாசிப்பு உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்ட ஒன்றல்ல' என்பதுதான் அது.

பள்ளி ஆசிரியரான என் நண்பருக்கு இந்த முழக்கம் அறவே பிடிக்கவில்லை. வாசிப்பைக் கடமையாக்கினால் அன்றோடு பிள்ளைகளுக்கு அதன்மீது வெறுப்பு வந்துவிடும் என்பது அவர் வகுப்பறையில் பல ஆண்டுகளாகக் கண்டது. வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத பிள்ளையின் முன் நின்று 'இது உனக்குக் கட்டாயம்' என்று சொல்வதில் ஓர் அதிகாரம் இருக்கிறது, அதை ஓர் எழுத்தாளர் சொல்லலாமா என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் மையர்ஸின் நாவல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளை அதட்டுகிற எழுத்தாளர் அல்லர் அவர். துப்பாக்கியைக் கையில் வாங்கிய பன்னிரண்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதும்போதும், கொலை வழக்கில் கூண்டேறிய பதினாறு வயதுப் பையனைப் பற்றி எழுதும்போதும், அவர்களுக்குப் புத்தி சொல்லும் குரல் அவரிடம் எழுந்ததே இல்லை. அப்படிப்பட்டவர் தம் கடைசி ஆண்டுகளில் இத்தனை கண்டிப்பான ஒரு வாக்கியத்தை ஏன் தேர்ந்தார் என்ற கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை. அவருடைய தன்வரலாறான 'பேட் பாய்' நூலையும் அவர் பிற்காலத்தில் நேர்காணல்களில் சொன்னவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, அந்த வாக்கியம் அவர் வீட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றியது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், அவரை வளர்த்த தந்தையிடமிருந்து.

ஃப்ளோரன்ஸின் விரல்

மையர்ஸ் 1937 ஆகஸ்ட் 12 அன்று மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது அவர் பெயர் வால்டர் மில்ட்டன் மையர்ஸ். இரண்டு வயது நிரம்புமுன் தாய் இறந்துபோனார். அவர் தந்தையின் முதல் மனைவி ஃப்ளோரன்ஸும், ஃப்ளோரன்ஸ் பின்னர் மணந்துகொண்ட ஹெர்பர்ட் டீனும் அந்தக் குழந்தையைத் தங்களோடு நியூயார்க்கில் கறுப்பினத்தவர் பெருமளவில் வாழ்ந்த ஹார்லெம் பகுதிக்கு அழைத்துச் சென்றார்கள். உறவுமுறையில் வைத்துச் சொல்ல நமக்குச் சட்டென்று ஒரு பெயர் கிடைக்காத பிணைப்பு அது. ஆனால் மையர்ஸைப் பொறுத்தவரை வாழ்நாள் முழுவதும் அவர்கள்தாம் அம்மாவும் அப்பாவும்.

ஃப்ளோரன்ஸுக்குப் பெரிய படிப்பில்லை. வீடுகளைச் சுத்தம் செய்வது போன்ற வேலைகளுக்குப் போனவர். ஆனால் மலிவான காதல் கதை இதழ்களை விரும்பிப் படிப்பார். மடியில் உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்காக வாய்விட்டுப் படிப்பார். படிக்கும்போது விரல் வரிகளின் கீழே நகர்ந்துகொண்டே போகும். கதைகளில் என்ன நடக்கிறது என்பது அவனுக்குப் புரியவில்லை. அந்த விரல் எந்த இடத்தில் இருக்கும்போது அம்மாவின் வாயிலிருந்து எந்த ஒலி வருகிறது என்பது மட்டும் புரிந்தது. பள்ளிக்குப் போகுமுன்னே அவன் படிக்கக் கற்றுக்கொண்டது இப்படித்தான். பிறகு முறை மாறியது. அம்மா வீட்டு வேலை செய்துகொண்டிருக்க, மகன் அவருக்குப் படித்துக் காட்டினான். 'நல்ல' புத்தகங்களைக் கொண்டுதான் பிள்ளையை வாசிப்புக்குள் கொண்டுவர முடியும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிய ஒருவர், இலக்கியம் என்று யாரும் மதிக்காத இதழ்களிலிருந்துதான் எழுத்தறிந்தார்.

ஹெர்பர்ட் டீன் வேறு மாதிரி. கட்டடக் காவலும் துப்புரவும், தொழிற்சாலை வேலையும் என்று உடலுழைப்பிலேயே வாழ்ந்தவர். மகனுக்குக் கதை சொல்வார். பெரும்பாலும் பயமுறுத்தும் கதைகள். சொல்லும் விதத்திலேயே குழந்தையை நடுங்க வைத்துவிடுவாராம். ஆக, அந்த வீட்டில் ஒருவர் கதையைப் படித்துக் காட்டினார், மற்றவர் கதையைச் சொல்லிக் காட்டினார். இந்த வேறுபாட்டைச் சிறுவன் அன்று கவனித்திருக்க வாய்ப்பில்லை.

பள்ளியில் வால்டருக்குப் பேச்சுக் குறைபாடு ஒரு பெரிய துன்பமாக இருந்தது. சொற்கள் தெளிவாக வராது, வகுப்பு சிரிக்கும், சிரித்தவனை அடிப்பான், தண்டனை கிடைக்கும். ஐந்தாம் வகுப்பில், பாட நேரத்தில் படக்கதைப் புத்தகம் படித்து மாட்டிக்கொண்டபோது, ஆசிரியை அதைக் கிழித்துப் போட்டார். பின்னர் நல்ல புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்துப் படிக்கச் சொன்னவரும் அவர்தான். வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டியதைத் தானே எழுதிக்கொண்டு வரலாம் என்று அனுமதி கிடைத்தபோது, வாயில் நுழையாத ஒலிகளைத் தவிர்த்து அவன் கவிதைகள் எழுதத் தொடங்கினான். நூலகத்துக்குப் போய்வருவது மட்டும் இரகசியமாக நடந்தது. தெருப் பையன்கள் பார்த்தால் கேலி செய்வார்கள் என்பதால் புத்தகங்களைப் பழுப்புத் தாள் பைக்குள் மறைத்துக் கொண்டுபோவான்.

இப்படி வாசிப்புக்குள் இத்தனை ஆழமாகப் போனவன் பதின்பருவத்தில் அதிலிருந்து விலகினான் என்பதுதான் அவர் கதையில் வலியான பகுதி. கெட்டிக்கார மாணவர்களுக்கான ஸ்டைவசண்ட் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் கல்லூரிக்கு அனுப்பக் குடும்பத்திடம் பணம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. அதைவிட மோசமான ஒன்றும் தெரிந்தது: இதுவரை தான் விரும்பிப் படித்த புத்தகங்கள் எதிலும் தன்னைப் போன்ற ஒருவன் இல்லை. ஹார்லெம் இல்லை, அம்மா இல்லை, அப்பா இல்லை. மதிப்புக்குரிய மனிதர்கள் என்று அந்தப் புத்தகங்கள் காட்டியவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். பதினேழு வயது நிறைந்ததும் இராணுவத்தில் சேர்ந்தான்.

ஹார்லெமைக் கதையில் கண்டபோது

இராணுவத்திலிருந்து திரும்பிய பிறகு சில ஆண்டுகள் கிடைத்த வேலைகளில் காலம் போயிற்று. அஞ்சலகம், அலுவலகங்கள், கட்டுமானம் என்று. அந்தக் காலத்தில்தான் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் 'சன்னிஸ் ப்ளூஸ்' என்ற சிறுகதை அவர் கைக்கு வந்தது. 2014இல் எழுதிய ஒரு கட்டுரையில் மையர்ஸ் இதை மிக நேர்மையாகச் சொல்கிறார்: அந்தக் கதை அவருக்கு அத்தனை பிடித்துவிடவில்லை. ஆனால் அது ஹார்லெமில் நடந்தது. அவருக்குத் தெரிந்த மனிதர்களைப் போன்ற கறுப்பின மனிதர்கள் அதில் இருந்தார்கள். தன் தெருவைப் பற்றித் தானும் எழுதலாம் என்ற அனுமதி அங்கே கிடைத்ததாகச் சொல்கிறார். அப்படியோர் அனுமதி தேவைப்பட்டது என்பதே அதுவரை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

1968ஆம் ஆண்டு அவருக்கு இரண்டு செய்திகளைக் கொண்டுவந்தது. சிறுபான்மையினக் குழந்தைகளுக்கான நூல்கள் குறைவாக இருப்பதைக் கண்டு, பல்லினச் சிறார் நூல்களுக்கான அமைப்பு ஒன்று போட்டி நடத்தியது. அதற்கு அவர் அனுப்பிய கதை பரிசு பெற்றது. அதே ஆண்டு மே மாதத்தில் அவருடைய தம்பி வியட்நாமில் கொல்லப்பட்டார். வீரத்தைப் பாடும் போர்க் கவிதைகளைப் படித்து, அந்த மயக்கத்தோடு பதினேழு வயதில் சீருடை அணிந்தவருக்கு அந்தச் சாவு என்ன செய்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. அதைப் பற்றி நாவலாக எழுத அவருக்கு இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. 1988இல் வெளிவந்த 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' நாவலில், கல்லூரிக்குப் போக வழியில்லாததால் படையில் சேர்ந்த ஹார்லெம் இளைஞன் ரிச்சி பெரி, வீட்டிலிருக்கும் தம்பிக்குப் போரைப் பற்றி எப்படிக் கடிதம் எழுதுவது என்று தெரியாமல் தவிக்கிறான். எழுத்து போய்ச்சேர வேண்டியவரிடம் போய்ச்சேராத அவஸ்தை அவர் நாவல்களில் திரும்பத் திரும்ப வருவதை நான் கவனித்தது இந்த நூலிலிருந்துதான்.

பரிசு பெற்ற கதை 1969இல் 'வேர் டஸ் த டே கோ?' என்ற படநூலாக வந்தது. பகல் எங்கே போகிறது என்று பிள்ளைகள் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். ஒரு கறுப்பினத் தந்தை நிதானமாகக் கேட்டுப் பதில் சொல்கிறார். அட்டையில் ஆசிரியர் பெயர் வால்டர் எம். மையர்ஸ் என்றிருந்தது. பின்னர் அவர் 'மில்ட்டன்' என்ற நடுப்பெயரை விட்டுவிட்டு, வளர்த்தவர்களைப் போற்றும் விதமாக 'டீன்' என்பதைச் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு வந்த நூல்களின் அட்டையெல்லாம் ஹெர்பர்ட்டின் குடும்பப் பெயரைத் தாங்கி வந்தன.

1970 முதல் 1977 வரை ஒரு பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக வேலை பார்த்தார். அந்த வேலை போனதும் முழுநேர எழுத்தாளரானார். முதல் நாவலான 'ஃபாஸ்ட் சாம், கூல் கிளைட் அண்ட் ஸ்டஃப்' 1975இல் வந்தது. அது பிறந்த கதையை அவர் மகிழ்ச்சியோடு சொல்வார்: ஒரு சிறுகதையை ஒரு நாவலின் முதல் அத்தியாயம் என்று எண்ணிக்கொண்ட பதிப்பாசிரியர், மீதிக் கதை எப்படிப் போகிறது என்று கேட்க, மையர்ஸ் நின்ற இடத்திலேயே மீதியைச் சொல்லிவிட்டாராம். கேட்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கதையை வளர்க்கும் அந்தத் திறமை யாரிடமிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

மருத்துவமனையில் ஒரு புத்தகம்

இத்தனை நூல்கள் வந்தன, விருதுகள் வந்தன. சிறார் நூல் எழுதும் கறுப்பினத்தவருக்கான கொரெட்டா ஸ்காட் கிங் விருது மட்டும் வாழ்நாளில் ஐந்து முறை. ஆனால் ஹெர்பர்ட் டீன் தம் மகனுடைய எழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. நன்றாக இருக்கிறது என்றோ, பிடிக்கவில்லை என்றோ, வேறு உருப்படியான வேலை பார் என்றோகூட இல்லை. மகன் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுப்பார். தந்தை வாங்கி வைத்துக்கொள்வார். மையர்ஸுக்கு இது ஆறாத குறையாக இருந்திருக்கிறது. தந்தை சிறுவயதில் சொன்னவற்றைப் போன்ற கதைகளை எழுதிக் கொடுத்தும் மௌனம் கலையவில்லை. தம்மைப் பாராட்ட அவருக்கு மனமில்லை என்றே மகன் நினைத்துக்கொண்டார்.

ஹெர்பர்ட் நோயுற்று மருத்துவமனையில் கிடந்த கடைசிக் காலத்தில் மையர்ஸ் தாம் எழுதிய புத்தகம் ஒன்றை அவரிடம் கொண்டுபோனார். தந்தை அதைக் கையில் எடுத்தார், பார்த்தார், வைத்துவிட்டார். அவர் இறந்த பிறகு வீட்டிலிருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்தும்போது, கையெழுத்து இருக்க வேண்டிய இடங்களில் பெருக்கல் குறியைப் போன்ற அடையாளம் மட்டும் இருப்பதை மகன் கண்டார். அப்போதுதான் தெரிந்தது. அந்த மனிதருக்குப் படிக்கத் தெரியாது. வாழ்நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே அதை மறைத்து வைத்திருந்தார்.

பல ஆண்டுகள் கழித்தும் இதைச் சொல்லும்போது மையர்ஸ் சொன்ன ஒன்றைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. தெரிந்திருந்தால் அந்த மருத்துவமனைப் படுக்கையின் அருகில் உட்கார்ந்து அப்பாவுக்கு ஒரு கதையைப் படித்துக் காட்டியிருப்பேனே என்று அவர் வருந்தினார். ஃப்ளோரன்ஸுக்குச் சிறுவயதில் படித்துக் காட்டியவர் அவர். அதே வீட்டின் இன்னொரு மனிதருக்கு அது தேவைப்பட்டதை ஒருவரும் அறியவில்லை. தன் பெயர் அச்சிட்ட அட்டையைக் கையில் வாங்கிய ஒவ்வொரு முறையும் ஹெர்பர்ட் என்ன நினைத்திருப்பார்? பெருமையா, வெட்கமா, இரண்டுமா? மகன் பெயர் பெற்ற எழுத்தாளராக ஆக ஆக, அந்த இரகசியத்தைச் சொல்வது மேலும் கடினமாகியிருக்கும் என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு புதிய புத்தகமும் அவரை இன்னும் கொஞ்சம் வாயடைக்கச் செய்திருக்கும். மகனோ அந்த மௌனத்தைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு புத்தகத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். இருவருமே ஒருவர்மேல் ஒருவர் அன்பு கொண்டவர்கள். இடையில் நின்றது எழுத்து.

இதைத் தெரிந்துகொண்ட பின் அவருடைய நாவல்களில் வரும் தந்தையரை வேறு விதமாகத்தான் படிக்க முடிகிறது. 1992இல் வந்த 'சம்வேர் இன் த டார்க்னஸ்' நாவலில், இரத்த உறவில்லாத ஒரு பெண்ணால் ஹார்லெமில் வளர்க்கப்படும் ஜிம்மியின் முன்னால் ஒருநாள் அவன் தந்தை வந்து நிற்கிறார். சிறைவாசத்திலிருந்து தப்பி வந்தவர், நோயாளி. செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்றதைச் சாவதற்குள் மகனிடம் நிரூபிக்க வேண்டும் என்று அவனை ஊர் ஊராக அழைத்துச் செல்கிறார். சொல்ல நினைப்பதைச் சொல்லத் தெரியாத ஒரு மனிதரின் பயணம் அது. அவருடைய ஆகச்சிறந்த நூல் இதுதான் என்பது என் கருத்து. பின்னர் வந்த 'மான்ஸ்டர்' நாவல் பெற்ற புகழில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

1999இல் வெளிவந்து, மறு ஆண்டு இளையோர் நூல்களுக்கான முதல் பிரின்ட்ஸ் விருதைப் பெற்ற 'மான்ஸ்டர்' நாவலிலும் அதே தந்தை வேறு உருவில் இருக்கிறார். ஹார்லெமின் மருந்துக்கடை ஒன்றில் நடந்த கொள்ளையில் உரிமையாளர் கொல்லப்படுகிறார். அதில் பங்குண்டு என்று பதினாறு வயது ஸ்டீவ் ஹார்மன்மீது வழக்கு. திரைப்படக் கலையில் ஆர்வமுள்ள அவன் தன் விசாரணையைத் திரைக்கதையாக எழுதுகிறான், இடையிடையே நாட்குறிப்பு. சிறையிலிருந்தவர்களை நேர்கண்டபோது, அவர்கள் தங்கள் குற்றத்தைப் பற்றிப் பேசும் இடங்களில் தங்களைத் தாங்களே தள்ளி நின்று பார்ப்பதுபோலப் பேசுவதை மையர்ஸ் கவனித்திருந்தார். அந்த வடிவம் அதிலிருந்து பிறந்தது. மகனைப் பார்க்கச் சிறைக்கு வரும் தந்தை, அவன் நல்ல கல்லூரிக்குப் போவான் என்று தான் கண்ட கனவைச் சொல்லி அழுகிறார். விடுதலைக்குப் பிறகும் அவர்களுக்கிடையே தூரம் கூடிக்கொண்டே போகிறது. வெறுப்பு எதுவும் இல்லை. தன் மகன் யார் என்று அந்த மனிதருக்கு இப்போது தெரியவில்லை, அவ்வளவுதான்.

யாருக்குச் சொல்லப்பட்டது

'மான்ஸ்டர்' போன்ற நூல்களை எழுதியதால் மையர்ஸ் இளையோர் சீர்திருத்த மையங்களுக்கும் சிறைகளுக்கும் அடிக்கடி சென்றார். அங்கே அவர் பார்த்தவர்களில் சரளமாகப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் ஏராளம். ஹெர்பர்ட்டின் காலத்தில் படிக்கத் தெரியாதவர் உடலுழைப்பை நம்பி ஒரு குடும்பத்தை நடத்திவிட முடிந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது என்று அவர் கருதினார். தூதராக இருந்த காலத்தில் அவர் பேச்சின் முனை பெரும்பாலும் பெரியவர்களை நோக்கியே இருந்தது. குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுங்கள், பள்ளிக்குப் போகும் வயது வரும்வரை காத்திருக்காதீர்கள் என்பதையே வற்புறுத்தினார். அந்த முழக்கத்தை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். இன்பத்துக்காகப் படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம் என்று சொல்லும் உரிமை எழுத்தறிந்தவர்களுக்குத்தான் உண்டு. ஹெர்பர்ட்டுக்கு முன்னால் அப்படியொரு தேர்வு ஒருநாளும் வைக்கப்படவில்லை. ஒரு பிள்ளையின் கையில் எழுத்தைக் கொண்டுசேர்ப்பது பெரியவர்களின் வசதிக்கும் விருப்பத்துக்கும் விடக்கூடிய காரியமல்ல என்று மையர்ஸ் சொன்னதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். முழக்கமாக அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டினால் அது பிள்ளையை மிரட்டும் வாசகமாக மாறிவிடலாம் என்ற நண்பரின் அச்சம் அதனால் தீர்ந்துவிடாது என்பதும் உண்மை.

கட்டாயம் என்று சொன்னவர், படிக்கத் தகுந்த புத்தகங்களைக் கொடுக்கும் கடமையும் பெரியவர்களுடையதே என்பதை மறக்கவில்லை. 1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் மூன்றாண்டுகளில் வெளிவந்த 5,206 சிறார் நூல்களை ஆராய்ந்து, கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை 349 மட்டுமே என்று காட்டியிருந்தார். அதன் பிறகு வந்த தலைமுறையில் ஒருவரான மையர்ஸ், நாங்கள் இந்தத் துறையையே புரட்டிப்போடுவோம் என்று நினைத்தோம் என்று 1986இல் கசப்போடு எழுதினார். நூலகங்களுக்கான அரசு நிதி வற்றியதும் பதிப்பகங்களின் அக்கறையும் வற்றிவிட்டது. 2014 மார்ச்சில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில், சிறார் நூல்களில் வெள்ளையரல்லாதவர்கள் எங்கே என்று மறுபடி கேட்டார். முந்தைய ஆண்டில் வெளிவந்த சுமார் 3,200 நூல்களில் கறுப்பினத்தவரைப் பற்றியவை 93 மட்டுமே என்பது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறார் நூல் மையம் எடுத்த கணக்கு. அரை நூற்றாண்டுக் காலம் உழைத்தவர் அந்த எண்ணைத் தம் கையால் எழுத நேர்ந்ததை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தக் கட்டுரை வெளிவந்த அதே நாளில் அதே நாளிதழில் அதே பொருளைப் பற்றி இன்னொரு கட்டுரையும் வந்தது. எழுதியவர் அவருடைய மகன் கிறிஸ்டோஃபர் மையர்ஸ். ஓவியரும் எழுத்தாளருமான அவர், தந்தையின் 'ஹார்லெம்' என்ற நெடுங்கவிதைக்கு வரைந்த ஓவியங்களுக்காக 1998இல் படநூல் ஓவியங்களுக்கு வழங்கப்படும் கால்டிகாட் சிறப்புத் தகுதி பெற்றவர். 'மான்ஸ்டர்' நூலின் படங்களும் அவருடையவை. ஹெர்பர்ட்டிடமிருந்து ஒரு சொல் வராதா என்று காத்திருந்தவருக்கு, தன் வரிகளைப் படித்து, அவற்றோடு வாதாடி, பக்கத்திலேயே படம் வரைந்து தரும் மகன் அமைந்தார். இருவரும் சேர்ந்து ஹார்லெமையும் ப்ளூஸையும் ஜாஸையும் பற்றி நூல்கள் செய்தார்கள். அந்த இரட்டைக் கட்டுரைகள் வந்து நான்கு மாதங்களுக்குள், 2014 ஜூலை 1 அன்று, 76ஆம் வயதில் வால்டர் டீன் மையர்ஸ் காலமானார். நாளுக்கு ஐந்து பக்கம் என்று கணக்கு வைத்து எழுதி வந்தவர் என்பதால் மேசையில் முடிந்த வேலைகள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க்கின் கறுப்பின நடனக் கலைஞர் ஒருவரைப் பற்றிய 'ஜூபா!' என்ற நாவல் 2015இல் வெளிவந்தது.